சூடம் அணைத்த கை

அந்தத் தொடரை நானும் பார்த்தேன், தங்கச்சிகளே. ஒருத்தி விடாமல் போன் போட்டு, "அக்கா, போன வாரம் பார்த்தீங்களா, அப்படியே நம்ம போலீஸ் யூனிட் கதை மாதிரி இல்ல?" என்று கேட்டுவிட்டீர்கள். பார்த்தேன். சொந்த வீட்டுக்குள்ளேயே வதைபடும் ஒரு பிள்ளை. தலைமுடி ஒன்றுகூடக் கலையாத ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அந்தம்மா பிள்ளையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தார், பிள்ளை கொஞ்சம் அழுதது, சித்தப்பாவை விரல் நீட்டிக் காட்டியது, விலங்கு மாட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், முடிந்தது. விளம்பரத்தையும் சேர்த்தே ஒரு மணி நேரம்தான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என்னவோ செய்தது, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

தொடர் எடுத்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுக்கிறார்கள், பாவம். ஆனால் பிள்ளை வாயைத் திறந்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நீங்களும் நம்பிவிடக்கூடாதே என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் மலாக்காவில் காஜா பெராங் பகுதிப் பிள்ளையின் கதையை இப்போது எழுதுகிறேன். அவள் பெயரை எழுத மாட்டேன். செல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒன்றிரண்டு ஆண்டு ஆகியிருக்கும். பெண்களைப் போலீசில் சேர்க்கத் தொடங்கியே அப்போது சில ஆண்டுதான் ஆகியிருந்தது. மலாக்காவில் நான் இருந்த ஸ்டேஷனில் தமிழ் பேசும் பெண் நான் ஒருத்தி. எங்களைப் 'பாவாடைப் போலீஸ்' என்பார்கள். பாசாரில் கீரை விற்கிற கிழவிகூட என் தொப்பியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பெண்களையும் பிள்ளைகளையும் விசாரிக்க என்றுதான் எங்களை எடுத்தார்கள். எப்படி விசாரிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தருகிறவருக்கும் தெரியாது.

செல்லத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தவர் அவள் அம்மா இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்மணி. காஜா பெராங்கில் பரம்பரை பரம்பரையாக இருந்து தமிழே மறந்துபோன மலாக்கா செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடுப்பது கெபாயாவும் சாரோங்கும், பேசுவது மலாய். எல்லோரும் அவரை மாக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். ஒரு காலைப்பொழுதில் சைக்கிள் ரிக்ஷாவான பேச்சாவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை, ஆறு வயதுப் பிள்ளை அளவுக்குத்தான் இருந்தது. மாக்சிக் அதன் சட்டையைப் பின்னால் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் நீள நீளமாகத் தீக்காயத் தழும்புகள். சில ஆறியவை, சில ஆறாதவை.

"கெசியான், கெசியான்", பாவம் பாவம் என்று மாக்சிக் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மலாயில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "முன்னெல்லாம் அடிக்கும்போது அழும். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இப்போ அழறதே இல்லை. அதான் கொண்டு வந்துட்டேன்."

எங்கள் சார்ஜன் தமிழர். நல்ல மனுஷன் என்றே சொல்வேன். ஏழைபாழைகளிடம் கையை நீட்டாதவர், வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் வந்து குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

"இது மாந்தத்துக்குப் போட்ட சூடு. இதுக்குப் போயி பேச்சா புடிச்சி வந்தீங்களா?" என்றார். சொன்னதோடு நிற்காமல் காக்கிச் சட்டையைத் தூக்கித் தன் தொப்பையைக் காட்டினார். தொப்புளுக்குப் பக்கத்தில் வெளுத்த தழும்பு. "எனக்கும் இருக்கு. கான்ஸ்டபிள் முனுசாமிக்கும் இருக்கு. உனக்கு இல்ல?"

எனக்கும் இருந்தது. தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இருக்கும். வயிறு சரியில்லாமல் குழந்தை வீறிட்டு அழுதால் மஞ்சளையோ ஊசியையோ காய்ச்சி வயிற்றில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கும் போட்டார்கள். அதனால் சார்ஜன் சொன்னதும் எனக்கும் தலை தானாக ஆடிவிட்டது. ஒரு சீனரோ மலாய்க்காரரோ அந்தக் கால்களைப் பார்த்திருந்தால் பதறிப்போயிருப்பார். எங்களுக்கு அதற்குப் பெயர் தெரிந்திருந்தது, அதனால் பதற்றமே வரவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வருவதில் இதுவும் ஒன்று. உங்கள் சொந்த சனத்தின் வீட்டுக்குள் போகும்போது உங்களுக்குக் கூடுதலாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். தெரிந்த பழக்கம் கண்ணில் பட்டதும் மூளை உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொள்ளும்.

எனக்கு உறைத்தது மாக்சிக் சட்டையை இறக்கிவிடும்போதுதான். மாந்தச் சூடு வயிற்றில் போடுவது. முழங்காலுக்குப் பின்னால் எந்த ஊரில் போடுகிறார்கள்? அதுவும் எட்டு வயதில்? சார்ஜனிடம் கேட்டேன். அவர் சட்டையை உள்ளே திணித்துக்கொண்டே, "சரி, புள்ளயக் கேளு. புள்ள வாயால ஒரு வார்த்த சொன்னா நான் மறுக்கல" என்றார்.

பிள்ளையைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். காயா ஜாம் தடவிய ரோத்தி வாங்கிக் கொடுத்தேன். அது இடது கையால் வாங்கித் தின்றது. "சோத்துக்கையால வாங்கணும் கண்ணு" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. வலது கை அக்குளுக்குள்ளேயே இருந்தது. கோழிக்குஞ்சைப் பற்றிக் கேட்டால் பேசியது. மாக்சிக் வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது என்றுகூடச் சொன்னது. கால் என்ன ஆச்சு என்றால் மட்டும், "விழுந்துட்டேன்." எங்கே விழுந்தாய் என்றால், "விழுந்துட்டேன்." வாயைத் துடைத்துவிடும் சாக்கில் அந்த வலது கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை நடுவில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுத்த தழும்பு. கேட்டேன். கையைப் பிடுங்கி மறுபடியும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டது. ரோத்தியையும் கீழே வைத்துவிட்டது.

மத்தியானம் பிள்ளையின் தாய் மாமன் வந்தார். ரோட்டு வேலை மண்டோர். மலாக்கா டவுனிலும் பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கமும் ரோடு போடுகிற தமிழ் ஆட்களையெல்லாம் வேலைக்கு எடுப்பவர், நிறுத்துபவர். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, நிதானமான பேச்சு. அவருக்குப் பின்னால் முக்காட்டோடு பிள்ளையின் அம்மா ராக்கம்மா. புருஷன் செத்த பிறகு மகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள். அவள் என்னையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை.

"என் தங்கச்சி பெத்தது, நான் சோறு போட்டு வளக்கறது. நானா சுடுவேன்?" என்றார் மண்டோர். "வேணும்னா முனியாண்டி முன்னால சூடம் அணைக்கறேன். இன்னைக்கே."

இந்தச் சூடம் அணைக்கிற வழக்கம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். அன்றைக்கு அதுதான் எங்கள் சனத்தின் கோர்ட்டு. சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரியும்போதே உள்ளங்கையால் அழுத்தி அணைத்து, 'நான் இதைச் செய்யவில்லை' என்று சொல்லிவிட்டால் விஷயம் அத்தோடு தீர்ந்தது. அதற்கப்புறம் சந்தேகப்படுகிறவன் மனுஷனை இல்லை, சாமியைச் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம். எங்கள் ஸ்டேஷனுக்கும் அது வசதியாக இருந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் சார்ஜன் கோயிலுக்கு அனுப்பிவிடுவார். மேலே இருந்தவர்களும் இந்தியர் விவகாரம் இந்தியரோடு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

சார்ஜன் சரி என்றுவிட்டார். மண்டோர் சூடத்தை அணைத்துவிட்டால் பிள்ளை அன்று மாலையே அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்த பிள்ளை. அதற்கு அங்கே என்ன நடக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மாக்சிக் எத்தனை முறை பேச்சா பிடித்து வந்தாலும் யாரும் சட்டையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"வேணாம் சார்ஜன், பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு..." என்றேன்.

"டாக்டர் தீக்காயம்னு எழுதுவாரு. யார் வச்சதுன்னு டாக்டரா சொல்லுவாரு? புள்ள விழுந்துட்டேங்குது. தாய் வாயே தொறக்கல. நீ என்னத்த வச்சி கேஸ் எழுதுவ, சொல்லு?" என்றார் சார்ஜன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

முனியாண்டி கோயில் காஜா பெராங் ஓரத்தில், ரோட்டு வேலை ஆட்கள் தகரம் போட்டுக் கட்டிய சின்னக் கோயில். வெயில் தாழ்ந்த நேரம். மண்டோரின் ஆட்கள் வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள், கால்களில் தார். சார்ஜன் பூட்ஸ், பெல்ட், தொப்பி எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கைகட்டி நின்றார். மாக்சிக்கும் வந்து ஒரு ஓரமாக நின்றார். நான் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராக்கம்மா தூணோடு தூணாக நின்றாள்.

மண்டோர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். தட்டில் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள்.

அந்த வாசனை வந்ததும் என் கைக்குள் இருந்த தோள் ஆட ஆரம்பித்தது. குனிந்து பார்த்தேன். பிள்ளையின் கால் வழியாக மூத்திரம் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கத்தியது:

"நான் சொல்லல மாமா! யார்கிட்டயும் சொல்லல! அம்மாவ ஒன்னும் செஞ்சிடாதீங்க! விழுந்துட்டேன்னுதான் சொன்னேன்!"

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மண்டோர் மட்டும் சிரித்தார். "புள்ள போலீசப் பாத்து மெரண்டு கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே கையை விரித்து, எரிகிற சூடத்தின்மேல் அழுத்தி அணைத்தார். "நான் இந்தப் புள்ளமேல கைய வைக்கல. முனியாண்டி சாட்சி."

கூட்டம் மூச்சு விட்டது. ஒருவர் திருநீறை எடுத்து நீட்டினார். வழக்கப்படி எல்லாம் முடிந்துவிட்டது. சார்ஜன் என்னைப் பார்த்து, வா என்று தலையை அசைத்தார்.

மண்டோர் கையைத் தட்டிக் கரியை உதறினார். அப்போதுதான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன், பிள்ளைக்குத் தழும்பு இருந்த அதே இடத்தில் கரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் ஒருவர் சட்டென்று அணைத்தால் கரி மட்டும்தான் ஒட்டும். எப்படி அணைப்பது என்று தெரியாத ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தினால் வெந்துபோகும். இந்த ஆள் இந்தப் பிள்ளையையும் சூடம் அணைக்க வைத்திருக்கிறார்.

இப்போது கவனியுங்கள். எனக்கு அந்த நேரத்தில் வாய் வரைக்கும் வந்த வார்த்தை, 'பொய்ச் சத்தியம்' என்பது. அதைச் சொல்லியிருந்தால் அத்தனை ஆண்களும் சாமிக்காக என்மேல் பாய்ந்திருப்பார்கள், சார்ஜனே என்னை வெளியே அனுப்பியிருப்பார். கோபம் வந்தபோது நான் விழுங்கிய வார்த்தைகளில் நல்லதாகப் போனது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் மண்டோர் பக்கமே திரும்பவில்லை. பிள்ளையின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். மாமா என்ன செய்தார் என்று கேட்கவில்லை.

"நீ என்னா சத்தியம் பண்ணுன கண்ணு? அத மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்ல வேணாம்."

சத்தியத்தைச் சொல்லக்கூடாது என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. சொன்னது. "அம்மா தல மேல. யார்கிட்டயாச்சும் சொன்னா அம்மா செத்துடும். அப்பா செத்த மாதிரியே."

"போதும்மா, கோயில்ல வச்சி இதெல்லாம்..." என்று மண்டோர் ஆரம்பித்தார். நான் எழுந்து ராக்கம்மாவிடம் போனேன்.

"அக்கா, உங்க தலைமேல வாங்கின சத்தியம். நானோ சார்ஜனோ பூசாரியோ அத அவுத்துவிட முடியாது. நீங்க செத்துடுவீங்கன்னுதான் இந்தப் புள்ள இத்தன நாளா வாய மூடிக்கிட்டு வேகுது. உங்க தலை. நீங்கதான் சொல்லணும்."

"தங்கச்சி, நீ வீட்டுக்குப் போ. ஒலை வைக்கிற நேரமாச்சு" என்றார் மண்டோர். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வார்த்தையில் வீடும் இருந்தது, சோறும் இருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது புரிந்தது.

ராக்கம்மா வாசல் பக்கம் பார்த்தாள். போய்விடுவாள் என்றே நினைத்தேன். பிறகு மெல்ல வந்து பிள்ளையின் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். "சொல்லும்மா. நான் செத்தாலும் பரவால்ல, நீ சொல்லு."

செத்தாலும் என்றதுதான் தாமதம், பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டியது. தாய்க்குத் தன் உயிரைக் கொடுக்கத் தெரிந்தது. பிள்ளைக்கு வேண்டியது அந்த உயிர்தான். எனக்கு எல்லாம் கைநழுவிப் போனது போலிருந்தது.

ராக்கம்மா அந்தக் கையை மறுபடி பிடித்தாள். இந்த முறை விடவில்லை. தன் தலைமேல் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, பிள்ளையைப் பார்த்தே பேசினாள்.

"நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன், நீ பாத்துக்கிட்டே இரு. உங்க மாமா கம்பியக் காய்ச்சி வச்சாரு. பாலக் கொட்டினதுக்கு ஒருவாட்டி. பாயில ஒன்னுக்குப் போனதுக்கு ஒருவாட்டி. கோழிக் கூண்டுல போட்டுப் பூட்டுனாரு. நான் அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டுப் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாகல பாரு. நிக்கறேன் பாரு."

பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சாகிறாளா என்று பார்த்தது. அப்புறம்தான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தது. அது சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். ரோட்டு வேலை ஆட்களில் ஒருவர் பாதியிலேயே வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்.

சார்ஜன் வாசலுக்குப் போனார். பெல்ட்டைக் கட்டினார், பூட்ஸை மாட்டி நிதானமாகக் கயிறு கட்டினார், தொப்பியைத் தலையில் வைத்தார். அதற்கப்புறம்தான் திரும்பி, "வாங்க மண்டோர், ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார்.

தொடராக இருந்தால் இந்த இடத்தில் பாட்டுப் போட்டிருப்பார்கள்.

மண்டோருக்குக் கிடைத்தது சில மாதச் சிறை. வெளியே வந்தபோது அவர் வேலை அவருக்காகக் காத்திருந்தது. அவர் ஆட்களும் காத்திருந்தார்கள். ராக்கம்மாவுக்குத்தான் யாரும் காத்திருக்கவில்லை. சொந்த அண்ணனைக் கம்பிக்குள்ளே தள்ளியவள் என்று பெயர் வாங்கிவிட்டாள். தமிழர் வீடுகளில் ஒரு மூலை கூடக் கிடைக்கவில்லை. மாக்சிக் தன் வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டகையைக் கொடுத்தார். அவள் துணி துவைத்துப் பிழைத்தாள். பிள்ளையைச் சமூகநல இலாகா எடுத்துக்கொண்டது. வருமானம் இல்லை, கொடுமையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த தாய் என்று அவள் வாயாலேயே சொன்ன சாட்சி இருக்கிறது. எந்த வார்த்தையால் பிள்ளையைக் காப்பாற்றினாளோ, அதே வார்த்தையை வைத்துப் பிரித்துவிட்டார்கள். சட்டப்படி அது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அன்றைக்கும் ஆறவில்லை, இன்றைக்கும் ஆறவில்லை.

செல்லம் புக்கிட் பாரு பக்கம் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராக்கம்மா நடந்தே போய்ப் பார்ப்பாள். சில நாள் நானும் என் சைக்கிளில் போவேன். அம்மாவைக் கண்டதும் செல்லம் முதலில் செய்கிற காரியம், எம்பி அவள் தலையைத் தொட்டுப் பார்ப்பது. ராக்கம்மாவும் குனிந்து கொடுப்பாள். இல்லத்துப் பிள்ளைகள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டு ராக்கம்மா வருவது நின்றுபோனது. நெஞ்சு நோய். ரத்தமாகக் கக்குகிறாள், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று மாக்சிக் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். பிழைக்க மாட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

இல்லத்து மேட்ரன் நல்ல பெண்மணி. "அம்மா இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்கன்னு சொல்லிடலாம்" என்றார். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்கிற பதில்தான். "சாகப்போறவளக் கொண்டுபோய்க் காட்டிப் புள்ள மனச ஏன் சூசா பண்ணி நோகடிக்கணும்?"

மூன்று நாள் யோசித்தேன். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் நானும் சரி என்றிருப்பேன். இவளுக்கு ஒரு நாள் எப்படியும் தெரியும். தெரிகிற அன்றைக்கு, தான் கோயிலில் பேசியதுதான் அம்மாவைக் கொன்றது என்று நினைப்பாள். அதற்கு இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவளுக்கும் நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது. மேட்ரனிடம் சண்டை போட்டு, என் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். தவறாகப் போயிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் போனேன்.

நெஞ்சு நோய் வார்டுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். வெளித் தாழ்வாரத்தில், ஜன்னல் கம்பிக்கு வெளியே நிறுத்தினேன். உள்ளே கட்டிலைத் தள்ளிக் கொண்டுவந்தார்கள். ராக்கம்மாவிடம் நான் முன்கூட்டியே பேசியிருந்தேன். செத்தாலும் பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியிருந்தேன்.

செல்லம் கம்பிக்குள் கையை விட்டாள். எட்டவில்லை. ராக்கம்மா தன் கையைத் தானே தலையில் வைத்துக்கொண்டாள்.

"இது இருமல்" என்றாள். மூச்சு வாங்கியது. "மாமா வீட்டுல இருக்கும்போதே எனக்கு இருமல் இருந்திச்சு. உனக்குத் தெரியாம வாயப் பொத்திக்குவேன். நீ சொல்றதுக்கு ரொம்ப முன்னாலயே வந்த நோய். நீ சொன்னதுக்கும் இதுக்கும் ஒன்னும் இல்ல. கேட்டியா? ஒன்னுமே இல்ல."

செல்லம் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த வாரமே ராக்கம்மா போய்விட்டாள்.

ஜன்னலில் பார்த்த அன்றே, ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சாவில் திரும்பும்போது, புக்கிட் பாரு ரோட்டில், செல்லம் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அம்மா சொன்னது நெஜமா? மாமா வீட்டுலயே இருமல் இருந்திச்சா?"

"அம்மா சொன்னா நெஜந்தான்."

"சத்தியம் பண்ணுங்க." கையை நீட்டினாள்.

அந்த இருமல் உண்மையா, அல்லது சாகும்போது ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் கட்டிய பொய்யா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தால் அப்போதைக்குச் சமாதானமாகியிருப்பாள். நீங்கள் செய்திருப்பீர்கள், மெத்தப் படித்தவர்கள்கூடச் செய்திருப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளையைச் சத்தியத்தால் ஒருவர் கட்டிப்போட்டது போதும் என்று தோன்றியது. நீட்டிய கையைப் பிடித்து அவள் மடியிலேயே வைத்தேன்.

"நான் சத்தியம் பண்ண மாட்டேன். இனிமே உன்கிட்ட யாரும் சத்தியம் கேக்கக்கூடாது, நீயும் யார்கிட்டயும் கேக்காத. நான் ஞாயித்துக்கெழம வருவேன். வரேனா இல்லையான்னு பாரு. அதுக்கடுத்த ஞாயிறும் வருவேன். பாத்துப் பாத்து எப்ப நம்பத் தோணுதோ அப்ப நம்பு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இல்லத்தில் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்புச் செய்துவிட்டேனோ என்று வழியெல்லாம் நானே என்னைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பேசவில்லை. அடுத்த வாரமும் போனேன், கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஓடிப்போனாள். மழையில் போனேன், காய்ச்சலோடு போனேன். டியூட்டி மாற்றித் தரச்சொல்லி சார்ஜன் காலில் விழாத குறை. கல்யாணமான பிறகும் போனேன். "உனக்கு ஞாயித்துக்கெழமன்னா நான் கெடையாது, அந்தப் புள்ளதான்" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளுக்குக் காற்றடித்துத் தருவார். இதெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது, தங்கச்சிகளே. யாரும் உங்களுக்கு இதற்காகப் பதவிப் பட்டை தைத்துக் கொடுக்க மாட்டார்கள். பிள்ளையைப் பேச வைக்கிற நாள் ஒரு நாள்தான். பேசியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அது நம்புவதற்குத்தான் வருஷக்கணக்காகிறது, அதற்குள் நாம் அடுத்த கேசுக்குப் போய்விடுகிறோம்.

செல்லம் பெரியவளாகி, இல்லத்தை விட்டுத் தையல் வேலைக்குப் போகிற வயது வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்டுக்கு வந்து நின்றாள். என்னைவிட உயரமாகியிருந்தாள்.

"அக்கா, இனிமே வாரா வாரம் அலைய வேணாம்" என்றாள். "நான் நம்பிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.